யூரியா மூட்டையும் சி. சுப்பிரமணியமும்

சென்ற ஆண்டு தை மாதத்தில், அறுவடைக்கு இருபது நாள் இருக்கையில், எங்கள் சம்பாப் பயிர் சாய்ந்துவிட்டது. புயல் ஏதும் வீசவில்லை. ஓர் இரவு பெய்த சாதாரண மழைதான். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பயிர் நின்றது; எங்கள் மூன்று மா மட்டும் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. அதற்கு முந்தின வாரம் வரையில் கருகருவென்று, பார்ப்பவர் கண்படும்படி நின்ற பயிர் அது. நீரில் கிடந்த கதிர்கள் அங்கேயே முளைவிடத் தொடங்கின. அப்பா வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஏன் சாய்ந்தது என்று அறிய யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று மா என்பது ஏறக்குறைய ஓர் ஏக்கர். அந்த ஓர் ஏக்கருக்கு அப்பா ஐந்து மூட்டை யூரியா போட்டிருந்தார். பொட்டாஷ் ஒரு கைப்பிடி கூடப் போடவில்லை. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு என்பது வேதியியல் படிக்கும் எங்களுக்கு மனப்பாடம். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ, ஐந்து மூட்டையில் நூறு கிலோவுக்கு மேல். நெல்லுக்கு நம் பகுதியில் சொல்லப்படும் அளவோ ஹெக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்கு என்று பார்த்தால் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல்சத்து 20 கிலோ. தழைச்சத்து அளவுமீறினால் தண்டு நீளும், ஆனால் வலுவிராது. இலை தழைத்து நிழல் கட்டும், புழுவும் புகையானும் வந்து சேரும். தண்டுக்கு உறுதி தரும் சாம்பல்சத்தும் இல்லாவிட்டால் கதிரின் பாரத்தை எது தாங்கும்?

அப்பாவுக்கு இது தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. முப்பது வருடமாக நெல் விளைவிப்பவர். ஆனால் கடையில் அவர் பார்ப்பது வேறு கணக்கு. யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். பொட்டாஷ் ஆயிரத்தைநூறைத் தாண்டி நிற்கிறது. நான் ஒருநாள் விடுதி அறையில் உட்கார்ந்து சத்தின் கணக்கில் போட்டுப் பார்த்தேன். யூரியாவில் ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. பொட்டாஷில் ஒரு கிலோ சாம்பல்சத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு நான்கு. இதோடு இன்னொன்றும் உண்டு: யூரியா போட்ட மூன்றாம் நாள் பயிர் பச்சைபிடிப்பது கண்ணுக்குத் தெரியும். பொட்டாஷ் செய்த வேலை மழை பெய்யும் இரவில்தான் தெரியவரும்.

இந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு நம் கல்லூரி நூலகத்துக்குப் போனபோதுதான் திரு. சி. சுப்பிரமணியம் அவர்களின் வாழ்க்கை என் கையில் சிக்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். பசியைப் போக்கிய மகராசன் என்பார் என் தாத்தா. மண்ணை இரசாயன உரத்துக்கு அடிமையாக்கியவர் என்பார்கள் இன்று இயற்கை விவசாயம் பேசும் சில அண்ணன்மார்கள். இரண்டு பேருமே அவர் வாழ்க்கையைப் படித்தவர்கள் அல்லர். நானும் அதுவரை படித்ததில்லை.

1910ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் சி.எஸ். மழையையும் கிணற்றையும் நம்பிய கொங்கு நாட்டு விவசாயம் அவர் கண்ணெதிரே நடந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார் என்பதை வாசித்தபோது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. அரசியல்வாதிகள் என்றால் வக்கீல்கள் என்றே எண்ணியிருந்தேன். அவரும் பிற்பாடு சட்டம் படித்து வக்கீலானவர்தான். ஆனாலும் எங்களைப் போல் ஆய்வுக்கூடத்தில் நின்று அளந்து பார்த்துப் பழகியவர். மாணவப் பருவத்திலேயே பெரியசாமித் தூரன் முதலிய நண்பர்களோடு வனமலர்ச் சங்கம் அமைத்து, ‘பித்தன்’ என்ற பத்திரிகை நடத்தியதில் பங்கு கொண்டவர் என்பதைக் கல்லூரி மலரில் குறிப்பிடாமல் விடுவது முறையாகாது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார்.

1952 முதல் 1962 வரை பத்தாண்டுகள் சென்னை மாநில அமைச்சர். 1954இல் இராஜாஜி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராசரை எதிர்த்து நின்று, 93க்கு 41 என்று தோற்றவர் இவர். தோற்றவரைக் காமராசர் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டு கல்வித் துறையைக் கொடுத்தார். மதிய உணவுத் திட்டம் வந்த காலம் அது. என் தாத்தா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதே அந்தச் சோற்றுக்காகத்தான் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டார். அது வேறு கதை.

1962இல் பாராளுமன்றத்துக்குச் சென்று நேருவின் அமைச்சரவையில் எஃகுத் துறையைக் கவனித்தார். 1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானதும் இவருக்கு உணவு, விவசாயம் இரண்டையும் ஒப்படைத்தார். அந்நாளில் அந்த இலாகாவை யாரும் விரும்பி ஏற்பதில்லை. அரசியல்வாதியைப் புதைக்கும் இடம் என்றே அதற்குப் பெயர். நாட்டில் தானியம் போதாது. பி.எல். 480 என்ற ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்து இறங்கினால்தான் நகரங்களில் ரேஷன் கடை திறக்கும் நிலை.

இங்கேதான் நான் நிதானமாகப் படித்தேன். பொறுப்பேற்றவுடன் சி.எஸ். முதலில் ஆராய்ந்தது விலையை. அதுவரை அரசின் கொள்கை நகரத்து மக்களுக்கு மலிவாகத் தானியம் கிடைக்க வேண்டும் என்பதாகவே இருந்தது. வெளிநாட்டுக் கோதுமை மலிவாக வர வர, உள்நாட்டு விவசாயிக்கு விலை கட்டவில்லை. கட்டுப்படியாகாத தொழிலில் எவன் பணம் போடுவான்? ஆகவே விளைபொருளுக்கு ஓர் உறுதியான விலை வேண்டும் என்பதே அவருடைய முதல் முடிவு. எல். கே. ஜா தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் பிறந்தது. அதே மாதத்தில் இந்திய உணவுக் கழகமும் வேலையைத் தொடங்கியது. அக்கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் 1965 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது என்பது காவிரிப் படுகையில் பிறந்த என் போன்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது, விஞ்ஞானிகளின் நிலை. விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமையில் அதுகாறும் நிர்வாக அதிகாரிகளே அமர்ந்திருந்தனர். சி.எஸ். அந்த மரபை மாற்றி, 1965இல் பி. பி. பால் என்ற பயிர் விஞ்ஞானியை அதன் தலைவராக்கினார். எம். எஸ். சுவாமிநாதன் போன்றவர்கள் சொல்வது நேரடியாக அமைச்சரின் காதுக்கு எட்டத் தொடங்கியது.

அவர்கள் சொன்ன செய்தி, சாய்ந்த எங்கள் வயலோடு நெருங்கிய சம்பந்தம் உடையது. நம் நாட்டுக் கோதுமை நெடிய பயிர். மண்ணில் இருக்கும் சொற்பச் சத்தைக் கொண்டு நூற்றாண்டுகளாக வாழ்ந்து பழகியது. அதற்குக் கூடுதலாகத் தழைச்சத்துக் கொடுத்தால் இன்னும் உயர்ந்து, கதிர் கனத்ததும் சாய்ந்துவிடும். எனவே உரம் போட்டாலும் விளைச்சல் பெருகாது. மெக்சிகோவில் நார்மன் போர்லாக், ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமையின் மரபைக் கலந்து உருவாக்கிய இரகங்கள் குட்டையானவை, தண்டு தடித்தவை. அவை ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல் தழைச்சத்தைத் தாங்கி நின்றன. ஆக, புதிய விதை என்பதே உரத்தைத் தாங்கும் விதை. விதை இருந்து உரம் இல்லாவிட்டாலும் பயனில்லை, உரம் இருந்து தண்ணீர் இல்லாவிட்டாலும் பயனில்லை. விதை, உரம், நீர், பூச்சிமருந்து, கடன், விலை எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து போக வேண்டும். சி.எஸ். கொண்டுவந்த புதிய விவசாய உத்தி என்பது இந்தக் கட்டுத்தான். எங்கள் தஞ்சை மாவட்டத்தில் தீவிர சாகுபடித் திட்டம் 1960ஐ ஒட்டியே தொடங்கியிருந்ததால், அந்தப் பாடம் முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. பின்னர் ஆடுதுறை 27 நெல் வந்தபோது தாத்தா அதை நட்டிருக்கிறார். இன்றும் அந்த இரகத்தை ஒரு பழைய கூட்டாளியைப் போல நினைவுகூர்வார்.

திட்டம் காகிதத்தில் எளிது. அமைச்சரவையில் எளிதாக இல்லை. 1965–66இல் நாடு முழுவதும் பயன்பட்ட உரம், மூன்று சத்தும் சேர்த்து, ஏறக்குறைய 7.85 லட்சம் டன். சிந்திரியிலும் நங்கலிலும் ஆல்வாயிலும் உற்பத்தியானது போதாது. மீதியை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். நிதியமைச்சராக இருந்தவரும் தமிழரே, டி. டி. கிருஷ்ணமாச்சாரி. கனரகத் தொழிலுக்கு வேண்டிய டாலரை உரத்தில் கொட்டுவதா என்ற அவரது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. உரத் தொழிற்சாலை கட்டத் தனியாரையும் அந்நியக் கம்பெனிகளையும் அழைப்பதை இடதுசாரிகள் வன்மையாகக் கண்டித்தனர். வசதியுள்ள விவசாயிதான் இதனால் கொழுப்பான் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் எச்சரித்தனர். இந்தக் கடைசி எச்சரிக்கையில் உண்மை இருந்தது என்பதைப் பின்வந்த வருடங்கள் காட்டின.

இதற்கு நடுவே 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் தமிழகம் பற்றி எரிந்தபோது, சி.எஸ்.ஸும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கடிதம் ஏற்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. முந்தின ஆண்டு 89 மில்லியன் டன்னாக இருந்த தானிய உற்பத்தி 72 மில்லியன் டன்னாக வீழ்ந்தது. திங்கட்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். 1965 நவம்பரில் சி.எஸ். ரோம் நகரில் அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமேனைச் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். விவசாயத்தில் முதலீட்டைக் கூட்டுவது, உரத் தொழிலைத் திறந்துவிடுவது என்று இந்தியா செய்யப்போவதாக அதில் கண்டவற்றுள் பெரும்பாலானவை சி.எஸ். ஏற்கெனவே செய்ய நினைத்திருந்தவைதாம். அமெரிக்காவின் நெருக்குதலை, உள்நாட்டில் தமக்கிருந்த எதிர்ப்பைச் சமாளிக்கும் கருவியாக அவர் பயன்படுத்திக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் சாமர்த்தியம் என்பதா, நாட்டின் மானத்தைப் பணயம் வைத்தார் என்பதா என்று எங்கள் விடுதியில் ஓர் இரவு முழுக்க வாதம் நடந்தது. முடிவு ஏற்படவில்லை.

1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. அதுவரை உலகில் அவ்வளவு விதை ஒரே தடவையில் கடல் கடந்ததில்லை. புதுடில்லியில் தம் அரசு இல்லத்தின் புல்வெளியை உழுது, அந்தக் குட்டைக் கோதுமையை அங்கேயே விதைத்துக் காட்டினார் சி.எஸ். விவசாயிகளின் வயல்களிலும் செயல்விளக்கத் திடல்கள் போடப்பட்டன. ஆனால் அந்த ஆண்டிலும் மழை ஏமாற்றிற்று. பத்து மில்லியன் டன்னுக்கு மேல் தானியம் கப்பலில் வந்தது. 1967 தேர்தலில் தமிழகத்தில் காங்கிரஸ் வீழ்ந்தபோது சி.எஸ்.ஸும் தம் சொந்தக் கொங்கு நாட்டிலேயே தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டின் கோபம் உணவு மந்திரியின் மேல் விழாமல் யார் மேல் விழும்? மறு ஆண்டு, 1968இல், 16.5 மில்லியன் டன் கோதுமை விளைந்து, பஞ்சாபில் கொட்டி வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களைக் கூடக் களஞ்சியமாக்கினார்கள். அந்த ஜூலையில் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளிவந்தது. அவர் அப்போது மந்திரி அல்லர்.

இதுவரை சொன்னதில் மானியம் என்ற சொல்லே வரவில்லை என்பதை நண்பர்கள் கவனித்திருக்கலாம். நானும் நூலகத்தில் அதைத் தேடித்தான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். 1944 முதல் நடந்துவந்த மத்திய உரத் தொகுப்பு, உரத்தை நாடெங்கும் ஒரே விலைக்குத் தந்ததே அன்றி இன்றைய அர்த்தத்தில் மானியம் தரவில்லை. விதையும் விலையும் சரியாக இருந்ததால், விவசாயி முழு விலை கொடுத்தே உரம் வாங்கினார். 1965–66இல் 7.85 லட்சம் டன்னாக இருந்த உபயோகம் 1970–71இல் 21 லட்சம் டன்னைத் தாண்டியது. மூட்டையை மலிவாக்கித்தான் உரத்தைப் பரப்ப முடியும் என்று நினைப்பவர்கள் இந்த ஐந்து வருடக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மானியம் வந்தது எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு. 1973 இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறவே, அதிலிருந்து கிடைக்கும் நாப்தாவும் ஏறியது, உரமும் ஏறியது. 1974 ஜூனில் யூரியாவின் விலையை டன் 1,050 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 2,000 ரூபாயாக்கினார்கள். அதன் விளைவு உடனே தெரிந்தது. 1973–74இல் 28.4 லட்சம் டன்னாக இருந்த உர உபயோகம் அடுத்த ஆண்டு 25.7 லட்சம் டன்னாகக் குறைந்தது. வருடா வருடம் ஏறியே வந்த கணக்கு முதல் தடவையாகப் பெரிதாக இறங்கிற்று. அந்த 1974 அக்டோபரில் நிதியமைச்சராக வந்து அமர்ந்தவர் நம் சி.எஸ். பத்தாண்டுகளுக்கு முன் உரத்துக்குப் பணம் கேட்டு நிதியமைச்சரோடு போராடியவர், இப்போது பணப்பெட்டியின் சாவியைத் தாமே வைத்திருந்தார்.

அவர் காலத்தில் 1975 ஜூலையில் யூரியாவின் விலை 1,850 ஆயிற்று. 1976 மார்ச்சில் 1,750 ஆயிற்று. அதே 1976 மார்ச்சில்தான் மணிச்சத்து உரங்களுக்கு, சத்தின் கணக்கில் டன்னுக்கு 1,250 ரூபாய் என்று ஒரு மானியம் அறிவிக்கப்பட்டது. உபயோகம் மறுபடி ஏறி 1976–77இல் 34 லட்சம் டன்னை எட்டியது. நல்ல மழையும் கைகொடுத்தது என்பதை மறைக்கக் கூடாது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த மானியம் சென்ற திசை. ஏற்கெனவே பயிர் உடனே பச்சைபிடிப்பதைக் கண்டு விவசாயி தானாக வாங்கும் தழைச்சத்துக்கு அது போகவில்லை. வாங்கத் தயங்கும் மணிச்சத்துக்குப் போயிற்று. சாய்ந்த வயலைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதன் நியாயம் புரிந்தது.

உரத் தொழிற்சாலைகளின் விலையை ஆராய மராத்தே குழு நியமிக்கப்பட்டதும் 1976இல்தான். அதன் சிபாரிசு நடைமுறைக்கு வந்தது ஆட்சி மாறிய பின், 1977 நவம்பரில். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அதன் செலவுக்குத் தக்க ஒரு விலை. விவசாயிக்கு நாடெங்கும் ஒரே மலிவு விலை. இடையில் உள்ள பள்ளத்தை அரசு நிரப்பும். செலவு ஏற ஏறப் பள்ளமும் ஆழமாகும். 1980–81இல் 505 கோடி ரூபாயாக இருந்த உர மானியம் 1990–91இல் 4,389 கோடி ஆயிற்று. அந்தப் பத்தாண்டில் யூரியாவின் விலை டன் 2,350 ரூபாய்க்கு மேல் போகவேயில்லை. உபயோகம் 55 லட்சம் டன்னிலிருந்து 125 லட்சம் டன்னுக்குப் போயிற்று. நெல்லும் கோதுமையும் பெருகின என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

1991இல் நாடு கடனில் மூழ்கியபோது உர விலையை 40 விழுக்காடு உயர்த்த முனைந்து, எதிர்ப்பு கிளம்பவே 30 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 1992 ஆகஸ்டில் செய்ததுதான் எங்கள் வயல் வரையில் வந்து சேர்ந்த காரியம். மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் நீக்கினார்கள். அவை விலை ஏறின. யூரியாவைக் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டு அதன் விலையைக் குறைக்கவும் செய்தார்கள். தழை, மணி, சாம்பல் மூன்றும் 4:2:1 என்ற விகிதத்தில் இருப்பது நாட்டளவில் சரி என்பது பொதுக்கணக்கு. 1991–92இல் அது 5.9:2.4:1 என்று இருந்தது. 1992–93இல் 9.5:3.2:1 ஆகிவிட்டது. ஒரே வருடத்தில் கோடிக்கணக்கான விவசாயிகள் அறிவை இழந்துவிட்டார்களா? கடையில் எழுதியிருந்த விலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியாவை வெளியே வைத்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் விகிதம் மீண்டும் எட்டைத் தொட்டது. யூரியாவுக்கு வேப்ப எண்ணெய் பூசிப் பார்த்தார்கள். விவசாயி மூட்டைக் கணக்கில்தான் போடுவார் என்று 2018இல் 50 கிலோ மூட்டையை 45 கிலோவாக்கியும் பார்த்தார்கள். என் அப்பா மூட்டைக் கணக்கில்தான் போடுகிறார். நாலாக இருந்தது ஐந்தாயிற்று.

1992இல் சி.எஸ். மராட்டிய மாநில ஆளுநராகப் பம்பாயில் இருந்தார். உரக் கொள்கையில் அவருக்கு அப்போது எந்தப் பங்கும் இல்லை.

இவ்வளவும் படித்தபின் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் விளக்கினேன். யூரியா மானியத்தைக் குறைத்து, அந்தப் பணத்தை நெல் விலையில் கொடுத்தால், சி.எஸ். 1965இல் நினைத்ததுபோல விவசாயி தானே கணக்குப் பார்த்து உரம் போடுவார் என்று சொன்னேன். கல்லூரிப் படிப்பின் பெருமிதம் என் குரலில் இருந்திருக்க வேண்டும். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றைச் சொன்னார். நாங்கள் சாகுபடி செய்வது குத்தகை நிலம். வாய்மொழிக் குத்தகைதான். அடங்கல் வேறொருவர் பெயரில் இருக்கிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட அந்தக் காகிதம் வேண்டும். கிடைக்காத வருடங்களில் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுத்திருக்கிறோம். நெல்லின் விலை ஏறினால் அதில் பாதி வழியிலேயே நின்றுவிடும். யூரியா மூட்டையோ விரல்ரேகை வைத்தவுடன் 266 ரூபாய் 50 காசுக்கு முழுசாக வீட்டுக்கு வருகிறது. அரசாங்கம் எங்களுக்குத் தருவதில் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான் என்றார்.

நான் அதற்கு விடை சொல்லவில்லை. இன்றும் என்னிடம் முழு விடை இல்லை. வசதியுள்ள விவசாயிதான் பயனடைவான் என்று 1965இல் சி.எஸ்.ஸை எச்சரித்தவர்களின் நினைவு அப்போது வந்தது. விலை என்ற அவருடைய கருவி நிலமும் காகிதமும் உள்ளவனைத்தான் முழுமையாகச் சென்றடைந்தது. குத்தகைக்காரனை அது எட்டவில்லை. அவர் காலத்திலும் எட்டவில்லை, பின்னரும் எட்டவில்லை. அவரைப் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் இதைச் சொல்லாமல் விடமுடியாது. அதேபோல், எங்கள் மண்ணில் தழைச்சத்து மிகுந்து சாம்பல்சத்து வறண்டதற்கு அவரைப் பொறுப்பாக்கும் அண்ணன்மார்களின் பேச்சையும் இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கட்டிய கட்டிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் உருவி எடுத்து அதை மட்டும் மலிவாக்கியவர்கள் பின்வந்தவர்கள்.

1998இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. தொண்ணூறாவது வயதில், 2000ஆம் ஆண்டில், சிறு விவசாயிகளுக்கென்று தேசிய வேளாண் நிறுவனம் ஒன்றைச் சென்னையில் தொடங்கினார். அந்த வயதில் மனிதர்கள் வாழ்க்கை வரலாறு எழுதி முடித்து ஓய்ந்திருப்பார்கள். அவர் அதையும் எழுதி முடித்துவிட்டுத்தான் இதைத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் காலமானார். நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு.

இந்தச் சம்பாவுக்கு மண் பரிசோதனைக்கு நானே மண் எடுத்தேன். வயலில் பல இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் குழி வெட்டி, சுரண்டி, கலந்து, கால் பங்காய்க் குறைத்து, துணிப்பையில் போட்டு அனுப்பினேன். அட்டை வந்தது. சாம்பல்சத்து குறைவு என்று போட்டிருந்தது. அப்பா இரண்டு நாள் அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பிறகு உரக்கடைக்குப் போய் ஒரு மூட்டை பொட்டாஷும் மூன்று மூட்டை யூரியாவும் எடுத்து வந்தார். யூரியாவுக்கு ரொக்கம் கொடுத்துவிட்டார். பொட்டாஷ் அறுவடைக் கணக்கில் நிற்கிறது.